மிஸ்ஸின் மூக்கு

எங்கள் தியேட்டர் பாரில் காக்டெய்ல் கலக்கிய அம்மாவை எல்லோரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். முதலாளியும் அப்படித்தான், நானும் அப்படித்தான். மூன்றாவது கிளாஸில் நாக்கு குழறுகிற ஆள்கூட, "மிஸ், இன்னொண்ணு ப்ளீஸ்" என்று கையை உயர்த்திக் கேட்பான். பார்த்தால் பாத்ரூம் போக அனுமதி கேட்கிறானோ என்று தோன்றும். மிஸ் உடனே கொடுத்துவிட மாட்டார். அவனை மேலும் கீழும் பார்ப்பார். காலி கிளாஸைப் பார்ப்பார். "எழுந்து நேரா நில்லுப்பா, பாக்கலாம்" என்பார். நின்றால்தான் அடுத்தது.

அந்த அம்மா யாரையும் நம்பியதில்லை. ஆளை மட்டுமல்ல, பாட்டிலில் ஒட்டியிருக்கும் பேரைக்கூட நம்பியதில்லை. சீல் உடைக்காத பாட்டில் வந்தாலும் திறந்ததும் முதல் வேலை மோந்து பார்ப்பதுதான். அதுவும் நம்மைப் போல மூக்கை நேராகக் கொண்டுபோய் வைக்க மாட்டார். பாட்டிலை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வலது உள்ளங்கையால் காற்றை மெதுவாகத் தன் பக்கம் விசிறிக்கொள்வார். கண்ணை மூடுவார். அரை நிமிஷம் கழித்துத்தான், "ம், எழுதியிருக்கிறதுதான் உள்ள இருக்கு" என்று சொல்வார். பால் பாக்கெட், சோடா, எலுமிச்சம்பழம், ஓட்டல் ஆட்கள் துவைத்துக் கொண்டுவரும் மேசைத் துணி, எல்லாவற்றுக்கும் இதே விசிறல்தான்.

தாம்பரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்டாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. கலக்கிய எதையும் நாக்கில் வைத்துப் பார்த்ததும் இல்லை. கேட்டால், "லேப்ல எதையும் வாயில வெக்கக் கூடாது" என்பார். இது லேப் இல்லை மிஸ், பார் என்று சொன்னால், "ரெண்டுலயும் பாட்டில்தானே இருக்கு" என்பார். இந்த அம்மாவுக்கு எங்கே வேலை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த கையோடு சந்தேகமும் பட்டேன். குடிக்காத ஒருத்தி, கர்த்தருக்குப் பயந்த ஒருத்தி, பாரில் வந்து நிற்கிறாள் என்றால் வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

காரணம் எங்கள் முதலாளி. அப்பா காலத்துச் சின்ன தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்ட எல்லோரும் யோசனை சொன்னபோது, அவர் கேட்கவில்லை. மர நாற்காலிகளுக்குப் பாலிஷ் போட்டார், வாசலில் 'ஹெரிடேஜ்' என்று ஒரு பித்தளைப் பலகை மாட்டினார். பின்னால் இருந்த லாட்ஜை ஓட்டலாக்கி லைசென்ஸ் வாங்கி, தியேட்டருக்கும் ஓட்டலுக்கும் நடுவில் கிடந்த சைக்கிள் ஸ்டாண்டை பாராக மாற்றினார். பாருக்குப் பேர் 'இடைவேளை'. மெனு கார்டில் 'ஃபர்ஸ்ட் ஹாஃப்', 'கிளைமாக்ஸ்', 'ரீல் மாத்து' என்று சரக்குகளின் பேர். நன்னாரியும் பன்னீர் சோடாவும் ஊற்றிய ஒன்றுக்கு 'மகளிர் டிக்கெட்' என்று பேர் வைத்திருந்தார். மேடவாக்கத்திலிருந்து ஐ.டி. ஆட்கள் சனிக்கிழமை காரைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். முதலில் வைத்த இரண்டு பார்டெண்டர்களில் ஒருவர் கலக்கியதைவிட அதிகம் குடித்தார். இன்னொருவர் தீபாவளிக்குப் போனவர் திரும்பவில்லை. முதலாளிக்கு அப்போதுதான் தான் படித்த ஸ்கூலின் லேப் மிஸ் ஞாபகத்துக்கு வந்தாராம். மிஸ்ஸின் வேலையும் அந்த வருஷத்தோடு முடிந்திருந்தது.

மிஸ் வரும்போது ஒரு துணிப்பையில் கண்ணாடி அளவு ஜாடிகள் இரண்டைக் கொண்டுவந்தார். பாரில் ஏற்கெனவே இருந்த ஸ்டீல் அளவுக் கிண்ணத்தை விசிறிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஜாடியில் ஊற்றி, முழங்காலை மடக்கிக் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்ப்பார். திரவத்தின் மேல்மட்டம் நடுவில் லேசாகக் குழிந்திருக்குமாம், அந்தக் குழியின் அடிதான் சரியான அளவாம். காட்டன் புடவையில் ஒரு அம்மா ஒவ்வொரு தடவையும் கவுண்டருக்குக் கீழே முங்கி எழுவதைப் பார்க்கவே சிலர் இரண்டாவது கிளாஸ் சொல்வார்கள்.

ஒரு தடவை தாடி வைத்த ஆள் ஒருவன், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, நாலு நண்பர்களோடு வந்தான். மிஸ்ஸைப் பார்த்ததும் மெனு கார்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டான். மிஸ் விடுவாரா?

"நீ அம்மோனியாவ நேரா மோந்து மயங்கி விழுந்தவன்தானே?"

"ஆமா மிஸ்."

"இன்னும் நேராதான் மோந்துக்கிட்டு இருக்கியா?"

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் போகும்போது கவுண்டர் பக்கம் வந்து, "மிஸ், எங்க அம்மா உங்க சர்ச்சுதான். சொல்லிடாதீங்க" என்று குசுகுசுத்தான். அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்திருக்கும். மிஸ் அவனை ஒரு விசிறு விசிறிவிட்டு, "காரை இங்கயே வுட்டுட்டு ஆட்டோல போ. அப்ப சொல்ல மாட்டேன்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து அவன் ஆட்டோவில் ஏறுகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் அந்தத் தியேட்டர் ஆப்பரேட்டர். வார நாட்களில் கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்துகிற வேலை, ஞாயிறு காலையில் மட்டும் பழைய புரொஜெக்டரில் ஃபிலிம் ஓட்டுகிற வேலை. இதற்கு முன்னால் இரண்டு தியேட்டர்களில் என்னை வெளியே அனுப்பினார்கள். இரண்டுக்கும் ஒரே காரணம். இரண்டாவது இடத்தில் நான் குடித்துவிட்டு மெஷின் பக்கத்திலேயே தூங்கிப்போக, ரீல் அறுந்து வெறும் வெள்ளைத் திரை. நான் எழுந்தபோது ஜனங்கள் நாற்காலிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதோடு என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு ஊரப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் நான் குடிக்காமல் இருந்த பிறகுதான் திரும்பி வந்தாள். வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தபா வாசன வந்துச்சு, நீ அட்ச்சது தெளியறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஊரப்பாக்கத்துல இருப்போம். அப்பால நீ வந்து நின்னாலும் கதவு தொறக்காது."

முதலாளியும் இதையே வேறு பாஷையில் சொல்லித்தான் வேலை கொடுத்தார். ஆக வேலையும் குடும்பமும் ஒரே கொடியில் தொங்கின. இதில் கொடுமை என்னவென்றால், ஆப்பரேட்டர் ரூமுக்குப் போகிற இரும்பு மாடிப்படி பார் கவுண்டரின் பின்பக்கம்தான் இருந்தது. மிஸ்ஸைத் தாண்டாமல் நான் மேலே போக முடியாது.

மிஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, படியில் கால் வைத்த என்னை, "நில்லுங்க" என்றார். நின்றேன். என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று உள்ளங்கையால் விசிறினார். எனக்குச் சுருக்கென்றது.

"இன்னா மிஸ் இது? நான் இன்னா ஆசிட் பாட்டிலா?"

"ஆசிட் பாட்டில்னா பரவாயில்லையே. அதுலயாவது லேபிள் இருக்கும்."

"உங்களுக்குத்தான் லேபிள் மேலயும் நம்பிக்கை இல்லையே."

"அதான் பாக்கறேன். போங்க."

அதற்குப் பிறகு தினமும். வெயிலோ மழையோ, என்னை விசிறாமல் மேலே அனுப்பியதில்லை. விசிறி முடித்ததும் பிரௌன் பேப்பர் அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ ஒரு வரி எழுதுவார். நான் எட்டிப் பார்த்தால் மூடிவிடுவார். ஒரு நாள் சோடா உடைந்த சத்தத்துக்கு அவர் திரும்பியபோது ஒரு கணம் கண்ணில் பட்டது. பள்ளிக்கூட பிராக்டிகல் ரெக்கார்டு மாதிரியே ஸ்கேலால் மூன்று பத்தி பிரித்து, மேலே 'சோதனை', 'காண்பன', 'அறிவன' என்று எழுதியிருந்தது. கீழே அன்றைய தேதி. பக்கத்தில் 'ஆப்பரேட்டர்'.

எனக்கு ரத்தம் கொதித்தது. இது முதலாளி வைத்த உளவு என்று முடிவு கட்டினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தபோது கேட் பக்கம் மிஸ்ஸோடு பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உடனே சந்தேகம் அந்தப் பக்கம் தாவியது.

"இன்னா பேசிக்கினு இருந்தீங்க ரெண்டு பேரும்?"

"முருங்கக்கீரை எங்க நல்லா கிடைக்கும்னு கேட்டாங்க."

"அதுக்குப் பத்து நிமிஷமா?"

"ஆமா. நான் சொன்ன கடையையும் அவங்க நம்பல."

நான் அவளையும் நம்பவில்லை. மிஸ்ஸுடைய வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. அவர் எப்போது நோட்டை எடுக்கிறார், முதலாளி ரூமுக்குப் போகும்போது கையில் இருக்கிறதா, என் மனைவியின் போனில் அவர் நம்பர் இருக்கிறதா என்றெல்லாம் திருடன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன், இதற்கு நடுவில் தினம் நாலு காட்சி ஓடியது.

உங்கள் வீட்டில் யாராவது குடித்து நாசமானார்களா மிஸ் என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். அப்படி ஒன்று இருந்தால் என் மனசு சமாதானமாகும் என்று நினைத்தேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டே அவர் சொன்னது வேறு.

"லேப்ல ஒரு பொண்ணுக்குக் கை வெந்து போச்சு. ஆசிட். பாட்டில்ல காய்ச்சி வடித்த நீர்னு லேபிள். எழுதினது என் கையெழுத்து."

அவ்வளவுதான். யார் மாற்றி ஊற்றினார்கள், அந்தப் பெண் என்ன ஆனாள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தன் கையெழுத்தையே நம்பாத ஒருத்தி என்னை எப்படி நம்புவாள் என்று மட்டும் தோன்றியது.

அவர் தன் மூக்கை ஒன்றைத்தான் நம்பினார். அதையும் எல்லா நாளும் நம்ப மாட்டார். ஒரு தடவை மிஸ்ஸுக்கு நிஜமாகவே சளி பிடித்தது. இரண்டு நாள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒரு கிளாஸ்கூட கலக்க மாட்டேன் என்றுவிட்டார். சனிக்கிழமைக் கூட்டம் வந்து நிற்கிறது, முதலாளி கெஞ்சுகிறார், "சளி புடிச்சா சோதனை செல்லாது சார்" என்கிறார். கடைசியில் அன்றைக்கு எல்லோரும் பீரும் பாப்கார்னும் வாங்கிக்கொண்டு போனார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீர்க்கன்கரணையில் என் சித்தப்பா பையனுக்குக் கல்யாணம். பகல் சாப்பாடு முடிந்து, மண்டபத்துக்குப் பின்னால் சமையல்காரர் வேன் மறைவில் மச்சான்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் கப்பை யாரோ என் கையில் கொடுத்தார்கள். குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னிடம் காரணம் இல்லை. துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கையில் இருந்தது, குடித்தேன். காலி கப்பைப் பார்த்ததும்தான் மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. மனைவியும் மகளும் உள்ளே பெண்கள் பந்தியில் இருந்தார்கள். அன்று இரவு அவர்கள் ஊரப்பாக்கத்தில் தங்குவதாக ஏற்பாடு, அது என் அதிர்ஷ்டம். நான் வெற்றிலை போட்டேன், ஏலக்காய் மென்றேன், சமையல்காரரிடம் பச்சைக் கொத்தமல்லி கேட்டு வாங்கித் தின்றேன். பஸ் படிக்கட்டில் வாயைத் திறந்துகொண்டே காற்று வாங்கித் தாம்பரம் வந்து சேர்ந்தேன்.

ஆறரை மணிக் காட்சிக்கு இன்னும் கால் மணி நேரம். மூச்சை அடக்கிக்கொண்டு கவுண்டரைத் தாண்டப் பார்த்தேன்.

"நில்லுங்க."

நின்றேன். எவ்வளவு நேரம்தான் மூச்சை அடக்குவது? விட்டேன். மிஸ் விசிறினார். கண்ணை மூடினார். திறந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் இருந்த ஷெல்ஃபைப் பார்த்தேன். திடீரென்று அவர் கிச்சன் பக்கம் திரும்பி அங்கே வேலை செய்த அக்காவிடம் சத்தமாகச் சொன்னார்.

"இஞ்சி சிரப்பு புளிக்க ஆரம்பிச்சிடுச்சும்மா. கீழ ஊத்திட்டு வேற போடு."

"மூடியே தொறக்கல மிஸ்!"

"தொறக்காமலே தெரியுது."

பாட்டில் ஆறடி தள்ளி இருந்தது. அந்த அக்கா திறந்து பார்த்தபோது புஸ்ஸென்று நுரை வந்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன். மிஸ் என் பக்கம் திரும்பாமலே நோட்டை எடுத்து எழுதினார். வழக்கமாக இரண்டு வார்த்தையில் முடிகிற வேலை, அன்றைக்குக் கொஞ்சம் நீண்டது. "போங்க, நேரமாகுது" என்றார். மேலே போய்ப் படத்தைப் போட்டுவிட்டு, அது முடிகிற வரை முதலாளி கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். படிப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கீழே பாரைப் பார்த்தால் மிஸ் குனிந்து நிமிர்ந்து அளந்துகொண்டிருந்தார், ஒன்றும் நடக்காத மாதிரி.

முதலாளி கூப்பிடவில்லை. மறுநாள் மனைவி வந்தாள், அவளும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், மிஸ் அன்றிலிருந்து பத்து நாள் என்னை இரண்டு தடவை விசிறினார். உள்ளே வரும்போது ஒன்று, இடைவேளையில் டீ குடிக்க இறங்கும்போது ஒன்று. எனக்கு மெல்ல மெல்ல வேறு எண்ணம் வந்தது. இந்த மூக்கு வெறும் பில்டப். இஞ்சி சிரப்பு எப்போது புளிக்கும் என்று நாள் எண்ணிச் சொல்லியிருப்பார். பக்கத்தில் நின்ற என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லையே! இவ்வளவு நாளாக இதற்கா பயந்தேன் என்று சிரித்துக்கொண்டேன். அப்படியென்றால் இன்னொரு தடவைகூட என்று நினைக்காமலும் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நில்லுங்க நில்லுங்க என்று கேட்டால் யாருக்குத் தைரியம் வரும்?

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு முதலாளி என்னை பாருக்குக் கூப்பிட்டார். கவுண்டர் மேல் ஒரு வெளிநாட்டு வோட்கா பாட்டில். மிஸ் இன்னும் திறந்து மோந்து பார்க்காத பாட்டில். ஃப்ரீஸரிலிருந்து எடுத்தது, உள்ளே பாதி ஐஸாக உறைந்து நின்றது. மிஸ் கை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"நல்ல வோட்கா ஃப்ரீஸர்ல உறையாது" என்றார் முதலாளி. "யாரோ எடுத்துக் குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வெச்சிருக்காங்க. இந்த பில்டிங்ல பழக்கம் உள்ள ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்."

"சார், சத்தியமா நான் இல்ல."

"உன் சத்தியத்த எல்லாம் ரெண்டு தியேட்டர்ல கேட்டு முடிச்சாச்சு. சாவியக் குடுத்துட்டுப் போ."

நான் எடுக்கவில்லை. ஆனால் எடுக்கவில்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? மத்தியானம் வீட்டுக்குப் போய் நின்றால் மனைவி காரணம் கேட்பாள். சொன்னால் மூட்டை கட்டுவாள். முதலாளி நம்பாததை அவள் மட்டும் நம்புவாளா?

"அவர் இல்ல சார்" என்றார் மிஸ்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்?"

"தினமும் பாக்கறேன். ஆறு மாச ரெக்கார்டு இருக்கு. வாசனைன்னு ஒரு நாள்கூடப் பதிவு இல்ல."

அந்த வாக்கியத்தைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. கூடவே, பாவம் இந்த அம்மா, தன் மூக்கு ஒரு நாள் ஏமாந்தது தெரியாமல் பேசுகிறதே என்றும் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தது அதுதான்.

முதலாளி லேசில் விடுகிறவர் இல்லை. "வோட்காவுக்கு வாசனையே கிடையாது மிஸ். அதனாலதான் வீட்டுக்குத் தெரியாம குடிக்கிறவங்க எல்லாம் அதையே குடிக்கிறாங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"தெரியும்."

"அப்ப ஒரு டெஸ்ட் வெக்கலாமா?"

"வைங்க."

மிஸ்ஸை உள்ளே போகச் சொல்லிவிட்டு, என்னையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். கண்ணாடிச் சத்தம் கேட்டது, தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பியபோது கவுண்டரில் ஐந்து கிளாஸ்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பச்சைத் தண்ணீர் போலத்தான் இருந்தது. ஒரு காலத்தில் மிஸ் எடுத்துக் கொடுத்த சோதனைக் குழாயோடு பிராக்டிகல் பரீட்சை எழுதியவர், இப்போது மிஸ்ஸுக்கே பரீட்சை வைத்தார். மார்க் போடப்போவது என் தலையில்.

"அஞ்சுல ஒண்ணுல மட்டும் வோட்கா கலந்திருக்கேன். எதுன்னு சொல்லுங்க."

மிஸ் முதல் கிளாஸை ஒரு சாண் தள்ளிப் பிடித்து விசிறினார். கண்ணை மூடினார். கீழே வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. ஐந்தும் முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவதில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். அது ஏமாந்த மூக்கு என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தானே தெரியும்? மூணாவதுதான் என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

"அஞ்சுலயும் இல்ல சார்" என்றார் மிஸ்.

"நல்லா பாத்து சொல்லுங்க. ஒண்ணுல கலந்திருக்கேன்னு சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. நான் கேட்டேன். ஆனா ஒண்ணுலயும் இல்ல."

முதலாளி மூன்றாவது கிளாஸை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு வைத்தார். "வெறும் தண்ணிதான் மிஸ்" என்றார். அவர் எதிலுமே கலக்கவில்லை.

"இது தண்ணி அடிச்சவன் வேலை இல்ல சார்" என்றார் மிஸ். "தண்ணி கலந்தவன் வேலை. நான் தொறக்கறதுக்கு முன்னாடியே கலந்தாச்சு. வாங்கறது யாரு, கொண்டாந்து வெக்கறது யாருன்னு அங்கேருந்து பாருங்க." சரக்கு வாங்கிவரும் பொறுப்பு முதலாளியின் மைத்துனருடையது. அடுத்த மாதத்திலிருந்து அவர் தியேட்டர் பக்கம் வரவில்லை. என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கிற இடம் இல்லை.

முதலாளி போனதும் நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மிஸ், என்ன நம்பி இவ்ளோ..."

"நம்பினேன்னு யார் சொன்னது? நம்பியிருந்தா என் பேச்சு எதுக்கு ஆவும்? நம்பறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க." கிளாஸ்களைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நில்லுங்க. இன்னிக்கு இன்னும் பாக்கல."

விசிறினார். எழுதினார். நான் மேலே போனேன்.

'இடைவேளை' இரண்டு வருஷத்தோடு மூடப்பட்டது. லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை. தியேட்டர் மட்டும் ஓடுகிறது, பார் இருந்த இடத்தில் இப்போது காபி கவுண்டர். மிஸ் நாகர்கோவில் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாள் துணிப்பையில் இரண்டு ஜாடிகளையும் வைத்துக்கொண்டு கிளம்பும்போதும் என்னை விசிறினார். "இன்னிக்கு இல்ல" என்றார். நாளைக்கு யார் மிஸ் பாப்பாங்க என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், குரல் அப்படி வரவில்லை. "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். எனக்கு அந்த அம்மா மேல் அவ்வளவு பாசம் இருந்தது என்பது மறுநாள் யாரும் தடுக்காமல் நேராகப் படியேறியபோதுதான் தெரிந்தது.

காபி கவுண்டர் போடுவதற்காகப் போன மாதம் பழைய அலமாரியை நகர்த்தினோம். பின்னால் பிரௌன் அட்டை நோட்டு விழுந்து கிடந்தது. மேலே எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். பக்கம் பக்கமாக நான். சோதனை: முகர்தல். காண்பன: வாசனை இல்லை. அறிவன: இன்று இல்லை. குடிக்காதவர் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. நல்லவர் என்று எழுதவில்லை. இன்று இல்லை, இன்று இல்லை, இன்று இல்லை. முதலாளி பார்த்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்தும் இல்லை. என் மனைவியின் பேச்சும் இல்லை. யாருக்கும் காட்டுவதற்காக எழுதப்பட்ட நோட்டே இல்லை அது.

அந்தக் கல்யாணத் தேதியைத் தேடினேன். எடுத்ததும் நோட்டை மூடிவிட்டேன். பிறகு மறுபடி திறந்தேன். அந்த ஒரு தாளைக் கிழித்தால் போதும், அத்தனை பக்கத்தில் ஒன்று போனது தெரியாது. விரலை வைத்தேன். கிழிக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லை, இனிமேலும் வரும் என்று தோன்றவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். முதலில் சிரித்தாள். "உன்ன தினமும் மோந்தாங்களா? சொல்லவே இல்ல?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது, பக்கங்களைத் தடவித் தடவித் திருப்பினாள். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது நம்ம பீர்க்கன்கரணை கல்யாணத் தேதி இல்ல?"

"ஆமா."

அவள் சத்தமாகப் படித்தாள். காண்பன என்ற பத்தியில் ஒன்றும் இல்லை, வெறும் கோடு. அறிவன பத்தியில் மிஸ்ஸின் பொடிக் கையெழுத்து: "எனக்குச் சளி. சோதனை செல்லாது. நாளை மறுபடி."

நோட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். என் மனைவி முட்டாள் இல்லை. அன்று மண்டபத்தின் பின்பக்கம் மச்சான்கள் நின்றது அவளுக்கும் தெரியும்.

"அன்னிக்கு அவங்களுக்குச் சளியா?"

"இல்ல" என்றேன்.